முன்சக்கரத்து இரும்புக் கை

ஈனிட் பார்ஜிட்டருக்கு வேலை பர்மிங்காமில், ஒரு கார் தொழிற்சாலையின் வரைபட அறையில். போர் முடிந்த கையோடு தொடங்கிய புதுக் குடும்பக் காரின் ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவாள். நான்கு கதவுக் கார், இரண்டு கதவுக் கார், பின்னால் சாமான் ஏற்றும் வண்டி, மூன்றும் ஒரே அடித்தளத்தில் வரவேண்டும். 1948 அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சிக்குள் எல்லாம் தயாராகவேண்டும்.

செப்டம்பரில் சாமான் வண்டிக்குக் கணக்குப் போட்டவள், அதையே மறுபடியும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் இரும்புக் கை மெலிவு. அப்படியானால் அதே கையோடு வேல்ஸ் மலையில் சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கும் முதல் காருக்கும் உத்தரவாதமில்லை.

தலைமைப் பொறியாளர் ஹாலிவெல் காகிதத்தைத் தள்ளிவிட்டார். "பத்தாயிரம் மைல் ஓடியாச்சும்மா."

"கழட்டிப் பாத்தாங்களா சார்?"

"அவ்வளவு சந்தேகம்னா நீயே போய்க் கழட்டு!"

எரிச்சலில் சொன்னதை அவள் உத்தரவாக எடுத்துக்கொண்டு மறுநாளே வேல்ஸுக்கு ரயிலேறினாள்.

சோதனை ஓட்டுநர் ஹொரஸ் கிளூலோ சிரித்தார். "ஆபீஸ்ல டீ தீந்துபோச்சா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க?"

"வண்டிய எடுக்காதீங்க. முதல்ல அந்த ஸ்டியரிங் கையைக் கழட்டிப் பாக்கணும்."

"பட்டறை கணவாய்க்கு அந்தப் பக்கம். ஏறுறீங்களா, நடக்குறீங்களா?"

ஏறினாள். மழை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் பள்ளம். எந்த வளைவில் எவ்வளவு பாரம் அந்தக் கைமேல் விழும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"மெதுவாப் போங்க, புண்ணியமாப் போகும்."

இறக்கத்தில் ஸ்டியரிங் லேசாக உதறியது. அதுவரை சீட்டியடித்துக்கொண்டிருந்த ஹொரஸ் வாயை மூடினார். மீதி இரண்டு மைலும் வண்டி நடை வேகத்தில் ஊர்ந்தது.

பட்டறையில் அந்த இரும்புக் கையைக் கழற்றி மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்துச் சுண்ணாம்புத்தூள் தடவினார்கள். சற்று நேரத்தில் உள்ளே புகுந்திருந்த எண்ணெய் வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடாகக் கசிந்தது. பாதிக்கு மேல் ஓடிய விரிசல். ஹொரஸ் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "நாளைக்கு என் சம்சாரத்தையும் பசங்களையும் இதுல ஏத்திட்டுப் போறதா இருந்தேம்மா," என்றார்.

அவள் தொலைபேசியில் ஹாலிவெல்லுக்கு விவரம் சொன்னாள். "எவ்வளவு தடிமன் வேணும்?" என்று மட்டும் அவர் கேட்டார்.

மூன்று வண்டிக்கும் தடித்த கை வந்தது. மன்னிப்பு வரவில்லை. ஆனால் அன்றுமுதல் அவள் கையெழுத்தில்லாமல் எந்த வரைபடமும் அறையைத் தாண்டவில்லை. பதினேழு வருடம் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் பேனா வியர்வையில் வழுக்கியது.