குழாய்க்குள் ஈரம்

இது நடந்தது. கபீர் பாய் இதைச் சொல்லும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவார். அதைப் பார்த்த யாரும் கதை என்று சொன்னதில்லை.

1933. மலாயாவில் பத்து பாகாட் ஊரின் ஆற்றோரக் கடைத்தெரு. கீழே பட்டறை, மேலே வீடு. கபீர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். பழைய கிராமபோன்களையும் பழுது பார்ப்பார். நிக்கல் பூச்சு தேய்ந்த உறுப்புகளை யார் சிங்கப்பூருக்குத் தூக்கிப் போவது? கபீர் ஈயமே பூசிப் பளபளக்க வைத்துவிடுவார்.

அன்று விடியற்காலையில்தான் அவர் மனைவி மஜீதாவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து முதல் பிள்ளை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் தகப்பன் பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் வாயில் தொட்டு வைக்க வேண்டும். தொட்டு வைப்பவரின் குணமே பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதுவரை சும்மா இருக்க முடியாமல், காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் விட்டுப்போன கிராமபோனைக் கபீர் கையில் எடுத்தார்.

ஊசி தட்டில் உரசி எழும் ஒலி, வளைந்த பித்தளைக் குழாய் ஒன்றின் வழியாகப் புனலுக்குப் போகும். அந்தக் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பாட்டு மூக்கால் பாடும். கபீர் அதைக் கழற்றினார். உள்ளே பச்சைக் களிம்பு. அதற்கும் அடியில் இன்னொன்று... பழுப்பாக, கொழகொழவென்று. கம்பியில் துணி சுற்றி இழுத்தார். நூல்நூலாக நீண்டு வந்தது.

புளி கரைத்த நீரில் வேகவைத்தார். சாம்பலால் தேய்த்தார். கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உள்ளும் புறமும் ஈயத்தை ஓட்டினார். ஈயம் உருகும் சூட்டில் ஈரம் மிஞ்சவே முடியாது. ஆறியதும் துணியை விட்டு இழுத்தார்.

துணி நனைந்திருந்தது.

மறுபடி காய்ச்சினார். மறுபடி துணி. இம்முறை பல் துலக்காத வாயின் நாற்றம்...

ஓட்டை பார்க்க ஒரே வழிதான். ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மறுமுனையில் ஊத வேண்டும். கூஜா மூக்குக்கும் அப்படித்தான். பழக்கதோஷம். யோசிக்காமல் வாய் வைத்தார்.

ஊதினார்.

ஃபூ...

காற்று திரும்பி வந்தது. அவர் ஊதியது அல்ல. வேறு மூச்சு. அதோடு வழுவழுவென்று ஏதோ நாக்கில் விழுந்தது. துப்பினார். உள்ளங்கையில் சிவந்த சளி. மென்ற பாக்குத் துகள்.

கபீர் வெற்றிலை போடுவதில்லை.

கிணற்றடியில் உப்பு வைத்துத் தேய்த்தார். ஈறு கிழிந்தது. ருசி போகவில்லை. திரும்பி வந்தபோது மஜீதாவின் தம்பி உதுமான் பட்டறையில் நின்றிருந்தான்.

"என்ன மச்சான், மேல பிள்ளை வாயைத் திறந்துக்கிட்டு கிடக்கு. நீங்க இங்க புளி கரைக்கிறீங்க. மீன் குழம்பா?"

"நீ தொட்டு வை."

"நானா? என் குணம் வந்தா பிள்ளை வேலைக்கே போகாதுலா."

"என் வாய் சரியில்ல. நீயே வை, உதுமான்."

உதுமான் பழத்தை மென்று வைத்தான். மஜீதா கணவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கபீருக்கு நெஞ்சு லேசானது. பிள்ளை தப்பித்தது.

சாயங்காலம் ஜெயபாலன் வந்தார்.

"இதுல யார் வாய் வச்சாங்க, கிராணி?"

ஜெயபாலன் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"எங்கம்மா, பாய். வாதம் வந்து கிடந்தாங்க. வெத்தலைய மட்டும் விடல. பாட்டுப்பெட்டி தலைமாட்டுல இருக்கும். ஊசி மாட்டுற சவுண்டு பாக்ஸ் கழண்ட குழாய் வாய்க்கு எட்டும்... அதுலயே துப்பிடுவாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. அப்புறம் பெட்டியத் திறக்கவே இல்ல."

பக்கத்தில் நின்றிருந்த உதுமான் கபீரின் கையைப் பிடித்தான்.

"மச்சான்... நீங்க கிணத்தடியில இருந்தப்ப நானும் அந்தக் குழாய சும்மா ஊதிப் பார்த்தேன். புல்லாங்குழல் மாதிரி இருந்துச்சுன்னு."

"வாயில ஏதாவது வந்துச்சா?"

"துப்புறதுக்குள்ள உள்ள போயிருச்சு."

கபீர் மாடிக்கு ஓடினார்.

மஜீதா அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் பிள்ளை விழித்திருந்தது. அழவில்லை.

பல் முளைக்காத அந்த வாய்... மெல்ல, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கி ஒதுக்கி, மென்றுகொண்டிருந்தது.