தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சந்து

தாராவியில் தன் சந்து முழுவதற்கும் தன் கையாலேயே கல் பாவிய கொத்தனார் அவர். ஒல்லியான ஆள், முழங்கையில் காய்ந்த சிமெண்ட். நடக்கும்போதே ஒவ்வொரு கல்லையும் குதிகாலால் தட்டி, ஆடுகிறதா என்று பார்ப்பார்.

ஆய்வுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்க அங்கே போயிருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் நகரத்தின் பாதைகளை அளப்பவர். சாலை தெருவாகவும் தெரு சந்தாகவும் கிளைக்கிறது, எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அதே வடிவம்தான், இதற்கு ஃபிராக்டல் என்று பெயர் என்றார். படத்தில் இருக்கும் சந்துகளுக்குத்தான் சாக்கடைக் குழாய் வருமாம். கொத்தனாரின் சந்து இருந்த இடத்தில் நீலத் திட்டு. மழைக்குக் கட்டிய தார்ப்பாயைக் கணினி தண்ணீர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"என்ன அண்ணாச்சி, எங்க சந்து கொளமாயிட்டா?"

"மேலிருந்து தெரிவதுதான் கணக்காம்."

"மேம்பாலத்துக்கு அடியில ரோடு போகுதுல்லா, அது எப்படித் தெரியுது?"

கேட்டுச் சொன்னேன்: "மாநகராட்சி வரைபடத்தைப் பார்த்துக் கையால் சேர்த்தார்களாம்."

"பெரிய ரோட்டுக்குன்னா கை நீளுது. எங்களுக்குன்னா மட்டும் மடங்கிருதோ? இப்படியே கேளுங்க."

எனக்கும் கொதித்தது. எவருடைய வானம் இது, யாருக்காக இப்படிக் குருடாகிறது? ஆனால் ஆங்கிலத்தில் என் வாயிலிருந்து வந்தது, "இதையும் சேர்க்க முடியுமா?" என்பதுதான். அந்தப் பெண் புன்னகைத்து, பார்க்கலாம் என்று தலையசைத்தார்.

கொத்தனார் என்னையே பார்த்தார்.

"நான் கேட்டதுக்குச் சிரிப்பு வராதே அண்ணாச்சி. நீங்க என்ன கேட்டீங்க?"