பிரியாணிக் கடை பக்கத்தில் கேஸ் மருந்து

"இன்னா நைனா இது? என் பிரியாணி வாசல்ல கேஸ் மருந்தைத் தோரணம் கட்டித் தொங்கவுட்டுக்கீற! திங்க வர்றவன் இதப் பாத்தா உள்ள நுழைவானா? அவுத்துப் போடு. இல்ல, கடையைக் காலி பண்ணு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோபால் இப்படிக் கத்தினார். ராபர்ட்சன்பேட்டையில் அவர் பிரியாணிக் கடையும் என் மெடிக்கல் ஷாப்பும் ஒட்டுச்சுவர். இரண்டு கட்டடமும் அவருடையது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லைசென்ஸ், பி.ஃபார்ம் படித்த என் மருமகள் கலா பெயரில். வியாபார மூளை என் பெயரில். தண்ணீரில் கொட்டினால் பொங்குமே, அந்தப் பாக்கெட்டை ஞாயிறு பார்த்து வாசலில் தொங்கவிட இந்த பஜாரில் வேறு யாருக்குத் தோன்றியது?

அன்று கோபால் மகளைப் பெண் பார்க்க பங்காருபேட்டையிலிருந்து வருகிறார்கள். அதனால்தான் அவ்வளவு கோபம். கடை போய்விடுமே என்று கலா எல்லாவற்றையும் அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டாள்.

மதியம் கோபால் பின்வாசல் வழியாக ஓடி வந்தார்.

"நைனா, மாப்ள அப்பாவுக்கு நெஞ்சு எரியுதாம். சத்தம் போடாம ஒரு மாத்திரை குடு. என் பிரியாணியாலன்னு தெரிஞ்சா சம்மந்தம் பூடும்!"

நான் கையில் எடுத்தேவிட்டேன். கலா தடுத்தாள். "நெஞ்சுன்னா ஆளைப் பாக்காம தரக் கூடாது மாமா."

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"வேர்க்குதாங்க? கை, தாடை வலிக்குதா? மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள் கலா.

"அதெல்லாம் இல்லம்மா. கறி தின்னா எப்பவும் எரியும். இன்னிக்கி கொஞ்சம் ஓவரா தின்னுட்டேன்."

"அப்ப இதை நல்லா மென்னு முழுங்குங்க. தண்ணி ஊத்திக்கினு அப்படியே உள்ள தள்ளாதீங்க."

மென்றார். சற்று நேரத்தில் ஓர் ஏப்பம் வந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"இன்னாங்க கோபாலு, இதுக்கா ஒளிஞ்சி ஓடியாந்தீங்க? எங்க ஊர்ல பிரியாணிக் கடை இந்தக் கோடியில, மருந்துக் கடை அந்தக் கோடியில. இங்க பக்கத்துலயே கீது! சம்மந்தத்தப் பேசி முடிச்சிடலாம். இன்னொரு பிளேட் சொல்லுங்க!"

"பிளேட்டு நாளைக்குங்க," என்றாள் கலா.

சாயந்திரம் கோபால் வந்தார். காலி பண்ணச் சொன்னதைப் பற்றி மூச்சே விடவில்லை. "நைனா, நடுச்சுவர்ல ஒரு ஜன்னல் வெச்சிக்கலாமா?" என்றார்.

மெடிக்கல் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மனிதன் பயப்படுவதில்லை, தைரியமாகச் சாப்பிடுகிறான். இதை எந்தக் காலேஜிலும் நடத்த மாட்டார்கள். கூப்பிட்டால் நான் போய் நடத்தத் தயார்.