பனிமூட்டத்தில் எடுத்த ஆஜர்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு தை மாதக் காலை. பழவேற்காடு ஏரியில், கரையே தெரியாத பனிமூட்டத்துக்குள் ஒரு தோணியில் உட்கார்ந்திருந்தேன். என் கைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது.

நான் மலையாளி. மலைச்சரிவில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காக, தெரியாத ஊருக்கு ஒரு தகரப் பெட்டியும் குடையுமாக வந்து இறங்கினேன். பழவேற்காட்டில் ஒரு முஸ்லிம் வியாபாரி வீட்டு மாடியில் குடியிருந்தேன். பள்ளிக்கூடமோ ஏரிக்கு நடுவில், ஒரு தீவுக் குப்பத்தில். தினமும் தோணியில் போய் வர வேண்டும். தமிழ் அரைகுறையாகப் புரியும், பேச வராது. "நாஷ்டா துன்னாம கெளம்பாத டீச்சர்" என்று வீட்டுக்கார அம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் கனவில் பார்த்தது போலத்தான் இருக்கிறது. அசையாத தண்ணீர், தூரத்தில் ரோஜா நிறக் கோடாகப் பூநாரைக் கூட்டம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழி ஊன்றும் தோணிக்காரர். ஆனால் வகுப்புக்குள் நுழைந்ததும் கனவு கலைந்துவிடும். நாற்பது பிள்ளைகளும் வாயைத் திறக்கவே மாட்டார்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பார்கள், உட்காருவார்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் இப்படியே போனது. இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, அழுதுகொண்டே அந்தக் கடிதத்தை எழுதினேன்.

உண்மையில் தப்பு என்னுடையது. முதல் வாரம் ஆஜர் எடுக்கும்போது, "ப்ரெசென்ட் டீச்சர்" என்று சொல்லப் பழக்கினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, கூரை அதிரும்படி கத்தினாள். நான் காதைப் பொத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "இது வகுப்பா, மீன் சந்தையா?" என்று கேட்டுவிட்டேன். மீன் பிடிக்கிறவர்களின் பிள்ளைகளிடம் போய் அதைக் கேட்டிருக்கிறேன், பாருங்கள் என் சாமர்த்தியத்தை! அன்றைக்கு மூடிய வாய்கள்தான் பிறகு திறக்கவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

கடிதத்தோடு கிளம்பிய அந்தத் தை மாதக் காலையில் பாதி ஏரி கடந்திருப்போம். பனி இறங்கி, தோணிக்காரரின் முகம்கூட மங்கிப்போனது. மலையில் நான் பார்க்காத பனியா? ஆனால் அங்கே காலுக்கடியில் தரை இருக்கும். இங்கே அவர் ஊன்றிய கழி தரையைத் தொடவில்லை. எங்கேயோ அலை உடையும் சத்தம் மெல்லக் கேட்டது. அவர் குரல் மாறிவிட்டது.

"பேஜாராப் பூட்சு டீச்சரம்மா. தண்ணி கடல் பக்கமா இஸ்துக்கினு போவுது."

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே போய்விட்டால் அந்தச் சின்னத் தோணி தாங்காது. எனக்கு நீச்சலும் தெரியாது.

பனி நாட்களில் அந்தக் குப்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நின்று குரல் கொடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குரல். தண்ணீரில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டு கரை சேருவார்கள். அப்போதும் நாலு பக்கமிருந்தும் குரல்கள் வந்தன. எந்தக் குரல் எந்தக் குப்பத்துடையது என்று தோணிக்காரரால் பிரிக்க முடியவில்லை. அவர் வீடு பழவேற்காட்டில். தீவில் அவருக்கென்று குரல் கொடுக்க யாரும் இல்லை. எனக்கு யார் இருக்கிறார்கள்?

கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அது கேட்டது.

"ப்ரெசென்ட்... டீச்சர்!"

அதே பெண். கூரையை அதிர வைத்த அதே தொண்டை. அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல், இன்னொன்று. என் வகுப்பே கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே ஆஜர் எடுக்க ஆரம்பித்தேன். பதிவேடு இல்லாமல், ஒவ்வொரு பெயராக, வாழ்க்கையில் அதுவரை கத்தியிராத அளவுக்குக் கத்தினேன். ஒவ்வொரு பெயருக்கும் வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது.

"வுட்றாதீங்க டீச்சரம்மா, கூப்ட்டுக்கினே இருங்க!" என்று சொல்லிக்கொண்டே அவர் துடுப்பை எடுத்து, பதில் வந்த பக்கமாக வலித்தார். அலைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. முப்பத்தேழாவது பெயரில் தோணி மணலைத் தட்டியது.

அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. எதற்கு இங்கிலீஷில் கத்தினீர்கள் என்று கேட்டேன்.

"நம்ப ஊட்டுக் கொரலு உங்களுக்கு இன்னா தெரியும்? இதான தெரியும்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். அவள் வெட்கப்பட்டு மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மீதி மூன்று பெயர்களையும் கரையில் நின்றே கூப்பிட்டேன். அவர்களும் விடாமல் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

மறுநாள் காலை அடுப்பு பற்றவைக்கக் காகிதம் தேடிய வீட்டுக்கார அம்மாவிடம் ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஒன்பது வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இதோ எழுதுகிறேனே, இந்தத் தமிழும் அந்தப் பிள்ளைகளிடம் கற்றதுதான்.

இப்போதும் யாராவது உரக்கப் பேசினால் நான் காதைப் பொத்துவதில்லை. தண்ணீரில் இருக்கும் யாரையோ கரைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.