காருக்குள் கத்திய ராணி

மே 27, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு அடுப்பைப் பற்றவைத்தேன். 6.00 மணிக்குக் குடையோடு போய் மழைமானியைப் பார்த்தேன் – 62 மில்லிமீட்டர். கொப்பியில் எழுதினேன். 6.45க்குக் காரை எடுத்தேன். பாடசாலையில் மூன்று பாடவேளை பின்னம், ஒன்று சதவீதம். 2.15க்கு வீடு.

உங்களுக்குத்தான் தெரியுமே, என் நாட்கள் இப்படித்தான். பாடசாலையில் கணக்கு, வீட்டில் மழைக்கணக்கு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவு போன்ற ஆபத்துகளைக் கவனிக்கும் அனர்த்தக் குழுவில் மழை அளப்பது என் பொறுப்பு. பாடசாலை மண்டபத்தின் சாவியும் என்னிடம்தான்.

போன வாரம் மேல் டிவிஷனில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், மலையில் ஒரு வெடிப்பு தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு கம்பியை நட்டோம். அந்த லயத்தில் குடியிருக்கும் ராணி, பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் தினமும் போய்ப் பார்ப்பார். வெடிப்பு கம்பியைத் தாண்டினால் போனில் எனக்குக் கோல் எடுக்க வேண்டும். நான் மண்டபத்தைத் திறப்பேன். பதினொரு குடும்பமும் இறங்கிவிட வேண்டும். இதில் தவறிப்போக என்ன இருக்கிறது?

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. என் கணவர் ஜோசப்பின் போனில் சார்ஜ் இல்லை. கொட்டகைக்குப் போனார். கார் சாவியை ஒரு திருப்பு திருப்பி, போனைச் செருகி, சாரல் அடிக்காமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வந்து பிளேன்டீ குடித்தார். மழைக்காலத்தில் நம் பக்கம் யார்தான் இதைச் செய்வதில்லை?

4.25. என் போன் அடித்தது. ராணி. எடுத்தேன். சத்தமே இல்லை.

"ஹலோ... ராணி? ஹலோ?"

"சிக்னல் இல்ல போல. தண்ணித் தாங்கிகிட்ட போய்ப் பேசு, அங்கதான் எடுக்கும்" என்றார் ஜோசப்.

நம் மலைகளில் போன் பேசாவிட்டால் குற்றவாளி ஒருவர்தான் – சிக்னல். விசாரணையே கிடையாது. நானும் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டேன். 'விடையைச் சரி பார்' என்று இருபது வருடமாகப் பிள்ளைகளை அதட்டுகிறவள், கையிலிருந்த திரையைச் சரி பார்க்கவில்லை. குடையைத் தேடினேன். செருப்பைத் தேடினேன்.

தாங்கிக்குப் போகும் வழி கார்க் கொட்டகையை ஒட்டியது. தகரத்தில் மழை கொட்டுகிறது. அதற்கு மேலே ஒரு பெண் கத்துகிற சத்தம்... ஆளில்லாத காருக்குள்ளிருந்து!

கதவைத் திறந்தேன்.

"...கேக்குதாங்க டீச்சர்? கம்பியத் தாண்டி ஒரு சாண் பொளந்திருச்சு! இங்க யாரும் அசைய மாட்டேங்குறாங்க. போன தடவ மாதிரி சும்மாத்தான்னு சிரிக்கிறாங்க. நீங்க சொன்னாத்தான் எறங்குவாங்களாம்!"

இரண்டு நிமிடம் பத்து விநாடியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவை காலி இருக்கைகள். சாவி திருப்பியதும் காரின் பாட்டுச் செட் விழித்து, புளூடூத்தில் என் போனைப் பிடித்திருக்கிறது. போன மாதம் யட்டியாந்தோட்டையில் ஆசையாகப் பொருத்திய செட். ராணிக்கோ என் பக்கமிருந்து மழைச்சத்தம் கேட்டதாம். நான் வெளியில் நிற்பதாக நினைத்தாராம்.

"ராணி, இப்பத்தான் கேக்குது. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். காரில் உட்கார்ந்தபடியே லயத்துக்கு முழுதும் சொன்னேன்.

"எல்லாரும் கேளுங்க. சாமான் ஒன்னும் எடுக்க வேணாம். பிள்ளைகளத் தூக்கிட்டு எறங்குங்க. நான் மண்டபத்தத் தெறக்கப் போறேன்."

"சோறு அடுப்புல இருக்குங்க டீச்சர்!" லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா முருகையாவின் குரல்.

"அணைச்சிட்டு வாங்க முருகையா. சோறு நான் போடுறேன்."

4.50க்கு மண்டபத்தைத் திறந்தேன். பாடசாலைக் காவலர், வோச்சர் பண்டார, "எண்ட, எண்ட" என்று சிங்களத்தில் 'வாங்க, வாங்க' சொல்லி வாசலுக்கே ஓடி, பிள்ளைகளை வாங்கி வாங்கி உள்ளே விட்டார். 5.30க்கு எண்ணினேன். பதினொரு குடும்பமும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். திரும்பவும் எண்ணினேன். நாற்பத்து மூன்று.

"மல விழலன்னா டீச்சர்தான் எல்லாருக்கும் கோழி வாங்கித் தரணும்" என்றார் முருகையா. எல்லோரும் சிரித்தார்கள்.

"வாங்கித் தாரேன். விழாம இருந்தா எனக்கும் சந்தோஷந்தான்."

ஐந்தே முக்காலுக்கு மலை சரிகிற அந்தச் சத்தம் வந்தது. கடைசி இரண்டு காம்பராக்களின் பின்சுவர் இன்று இல்லை. ஒன்று முருகையாவுடையது. பிறகு அவர் கோழியைப் பற்றிப் பேசவில்லை.

எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கோ அந்த இரண்டு நிமிடம் பத்து விநாடிதான் மனதில் நின்றது. தாங்கிக்குப் போகும் வழி வேறு பக்கமாக இருந்திருந்தால்? சிக்னல் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் அடுப்படியிலேயே நின்றிருந்தால்?

போன், கார், செட் – மூன்றும் அவற்றுக்குச் சொன்னபடியே நடந்துகொண்டன. சொல்ல வேண்டியதை நான்தான் சொல்லவில்லை. கோல் எங்கே பேச வேண்டும், பாட்டு எங்கே பாட வேண்டும் என்று போனில் தனித்தனியே பொத்தான் இருக்கிறது. ஒரு மாதமாக நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?

மே 28, புதன்கிழமை. காலை 5.10. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முதலில் போனைத் திறந்து, கார் செட்டின் பெயருக்குக் கீழே 'அழைப்புகள்' என்பதை அணைத்தேன். பாட்டு மட்டும் இருக்கட்டும்.

"அப்ப ஓட்டும்போது கோல் வந்தா?" என்றார் ஜோசப்.

"நிறுத்திட்டுப் பேசுறேன். நீங்க போய்ச் சாவியத் திருப்புங்க, பாப்போம்."

திருப்பினார். கார் செட் விழித்தது. ராணிக்குக் கோல் எடுத்தேன். மண்டபத்திலிருந்து பேசினார்.

"இப்ப எங்கங்க கேக்குது டீச்சர்?"

"காதுல."

மழைமானியைப் பார்க்கப் போனது அதற்குப் பிறகுதான்.