ஆறு கோலோடு நிறுத்திய ஏகாம்பரம்

நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் அத்தனை புகைபோக்கிகள் மீதும் சத்தியம். போன செவ்வாய்க்கிழமை போரூரில் ஷேர் ஆட்டோ ஏறியபோது, அந்தக் காலத்தில் என்னோடு கால்பந்தாடிய மணி போன் செய்தான். "மச்சான், ஏகாம்பரம் அண்ணாத்தே பூட்டாருடா." காட்டுப்பாக்கத்தில் இறங்க வேண்டியவன் பூந்தமல்லி போய்த்தான் இறங்கினேன்.

அவரோடு பந்தாடியவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எண்பதுகளில் எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டியவர், மாலையில் எங்கள் கால்பந்து அணிக்குக் கோச். அவர் விசில் ஊதினால் ஆவடியில் ரயில் நிற்கும்.

ஒரு வருடம் கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியின் கடைசி ஆட்டம். ஆவடி அணியில் பத்துப் பேர்தான் வந்தார்கள். கோல்கீப்பரை ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்களாம். தடுப்பாட்டக்காரர் ஒருவர் வெறுங்கையோடு கோலில் நின்றார். இடைவேளைக்குள் ஆறு கோல், ஐந்து என்னுடையவை. ஒரு பந்து வலையைக் கிழித்துப் பறந்து, குத்தம்பாக்கத்தில் படுத்திருந்த எருமையை எழுப்பிவிட்டது.

போட்டியிலேயே அதிக கோல் அடிப்பவனை நிரந்தரமாக்குகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் மூன்று வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. முதலிடத்துக்கு இன்னும் ஒரே ஒரு கோல் போதும். அந்த நேரத்தில்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"போய் அவங்க கோல்ல நில்லு."

"இன்னா அண்ணாத்தே, வெளயாடுறியா? ஒரு கோலு! என் வேலயே அதுல கீது!"

"கீப்பர் இல்லாதவன்கிட்ட ஆறு போட்டாச்சு. போதும். அவங்களும் ஊட்டுக்குப் போயி சோறு துன்னணும்ல?"

சட்டத்தில் இடமில்லை என்றார் நடுவர். "ரெண்டு டீமுக்கும் சம்மதம். நீ ஊது நைனா" என்றார் அண்ணன். நடுவர் ஊதினார்.

எதிரணி கோலில் நின்றேன், மனதுக்குள் அண்ணனைத் திட்டிக்கொண்டே. நாற்பது பந்து தடுத்தேன். இரண்டைப் பல்லால் பிடித்தேன். கடைசி நிமிடத்தில் எங்கள் மணியே தனியாகப் பந்தோடு வந்தான். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இடைவேளை வரை கோலில் நின்று உள்ளங்கை வீங்கியிருந்த அந்தத் தடுப்பாட்டக்காரர் பக்கத்தில் மூச்சு வாங்கினார். "இத்த மட்டும் புட்சிடு மாமே. என் பொஞ்சாதி வந்துகீது."

பாய்ந்தேன்.

ஆறுக்குப் பூஜ்யம். மேனேஜர் சோடாவைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார். நான் நிரந்தரமாக மேலும் இரண்டு வருடமானது. அதில் ஒரு வருடம் அண்ணனோடு பேசவில்லை. அடுத்தடுத்த மெஷின்கள் எங்களுடையவை. ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட மணி வழியாகத்தான் கேட்பேன். அவரும் மணியிடமே கொடுத்தனுப்புவார், துடைத்து, கைப்பிடி என் பக்கம் வருகிற மாதிரி. ஒரு நாள் மணி லீவு. வேறு வழியில்லாமல் நானே கேட்டேன். "இத்தினி நாளு ஆச்சாடா?" என்று மட்டும் சொன்னார்.

மாலை போடப் போனபோது, இதையெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். மணி சிரித்தான், அப்புறம் அழுதான்.

எருமை பொய். பல் பொய். ஐந்து கோலில் மூன்று பொய். அன்று பாய்ந்ததில் கோல் கம்பத்தில் மோதித் தாடை கிழிந்தது மட்டும் நிஜம். அப்போது ஜெயித்த எங்கள் அணியின் பக்கத்தில் கைதட்டியது அண்ணன் ஒருவர்தான். தினமும் சவரம் செய்யும்போது பிளேடு அந்தத் தழும்பில் கொஞ்சம் நிற்கிறது.