கடைசியாக வந்தவர் முதலில் பேச வேண்டும்

நண்பர்களே, ஒழுங்கில்லாமல் எழுதினால் எனக்கே தடம் மாறிவிடும். சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் சபை எப்படிக் கூடியது.
2. வவுணதீவு மாணவன் ஒருவனுக்காகக் கூடிய கூட்டம்.
3. அக்காலத்துக் கூட்டங்கள் சுருக்கமானவை, இக்காலத்துக் கூட்டங்கள் நீளமானவை என்பது.

மூன்றாவதில் எனக்கு நல்ல உறுதி உண்டு. மற்ற இரண்டிலும் ஞாபகம் பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியின் வாசம்... எழுபதுகளின் நடுப்பகுதி என்றதும் முதலில் வருவது அதுதான். வாவியை ஒட்டிய கல்லூரி. அதிபரின் அறையில் ஒரு நீள மேசை. யன்னலைத் திறந்தால் தோணிக்காரரின் பேச்சு உள்ளே கேட்கும். அடுத்த அறையில் தேத்தண்ணி கொதிக்கும். ஆனால் சபை முடிவெடுக்கும்வரை ஒரு கோப்பையும் மேசைக்கு வராது. அது அதிபரின் சட்டம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்லூரிக்குக் கடைசியாக வந்த விரிவுரையாளரே முதலில் பேச வேண்டும். மூத்தவர்கள் தொடங்கினால் இளையவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அதிபரின் கருத்து. இளையவர் "இவ்வளவுதான்" என்று சொல்லி அமரும்வரை மற்றவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லக்கூடாது.

கடைசியாக வந்தவன் நான். வகுப்பில் பூமிசாத்திரம் நடத்தும்போது வராத நடுக்கம் அந்த மேசையில் வந்துவிடும்.

அன்றைய விஷயம் சாமித்தம்பி. வாவிக்கு அக்கரை வவுணதீவுப் பையன், நல்ல மாணவன். அறுவடை நேரத்தில் தகப்பனுக்குக் கால் முறிந்துவிட்டது. வேளாண்மை வெட்ட ஊருக்குப் போனவன் வெகுநாள் கழித்தே திரும்பினான். வகுப்பு வரவு குறைந்துவிட்டது. இறுதிப் பரீட்சை எழுதச் சபை அனுமதிக்காவிட்டால் அவனுக்கு ஆசிரியர் வேலை இல்லை. மறுபடி இருந்து படிக்க வீட்டில் வசதியும் இல்லை.

உப அதிபர் கணபதிப்பிள்ளை ஐயா, கணிதம் கற்பித்தவர், காலையிலேயே விறாந்தையில் சொல்லிவிட்டார். "வரவு குறைஞ்சா குறைஞ்சதுதான். நம்மட வீட்டுக் கலியாணமா, பாத்துச் செய்யிறதுக்கு?"

எனக்கோ அவன் பரீட்சை எழுத வேண்டும் என்றிருந்தது. நியாயங்களை வரிசையாக மனனம் செய்துகொண்டு போனேன்.

எழுந்தேன். "அவர்..." என்றேன். அதோடு நின்றுவிட்டது.

நான் அமரவுமில்லை, பேசவுமில்லை. கணபதிப்பிள்ளை ஐயாவால் பொறுக்க முடியவில்லை.

"அவர் எண்டா ஆரு தம்பி? சாமித்தம்பியா?"

தலையாட்டினேன்.

"உப அதிபர், தம்பிட பேச்ச நீங்க பேசாதீங்க" என்றார் தமிழ் கற்பித்த மீராலெவ்வை மாஸ்டர். காத்தான்குடிக்காரர், சிரிக்காமல் சிரிக்க வைப்பவர்.

"நான் எங்க பேசினன்? எடுத்துக் குடுக்கிறன். அங்க தேத்தண்ணி வத்துது!" என்று என் பக்கம் திரும்பினார். "சரி. அவன் ஊர் சுத்தப் போகல்ல, வேளாண்ம வெட்டப் போனவன் எண்டு தம்பி சொல்லுவார். சட்டம் சட்டம்தான் எண்டு நான் சொல்லுவன். அதுக்குத் தம்பி என்ன சொல்லுவார்?"

வாயைத் திறந்தேன். மூடினேன்.

"தகப்பன் கால் முறிஞ்சு கிடக்கக்குள்ள ஆரு வெட்டுற எண்டு கேப்பார். கூலிக்கு ஆள் புடிக்கலாமே எண்டு நான் சொல்லுவன். வெட்டு நேரத்தில ஆள் எங்க கிடைக்கும் எண்டு தம்பி கேப்பார். உன்னிச்சையில நம்மட வயலுக்கே இந்த முறை ஆள் கிடைக்கல்ல..."

அந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. பிறகு என்னைப் பார்த்து உண்மையாகவே கோபப்பட்டார்.

"இந்தத் தம்பி லேசான ஆள் இல்ல!"

மீராலெவ்வை மாஸ்டர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப விட்ட பாடமெல்லாம்? லீவுக்குள்ள ஆரு படிப்பிக்கிற?"

"நான் படிப்பிக்கிறன்" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "இவ்வளவுதான்."

அமர்ந்தேன். வழக்கப்படி ஒவ்வொருவராகப் பேசினார்கள். எந்தப் பாடத்தை எப்போது முடிப்பது, கொழும்பிலுள்ள கல்வித் திணைக்களத்துக்கு என்ன விளக்கம் எழுதுவது என்று பேச்சு நீண்டது. மீராலெவ்வை மாஸ்டரின் முறை வந்ததும், "தம்பி எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லிட்டார். நமக்குச் சொல்ல ஒண்டும் இல்ல" என்றார். அதிபரே சிரித்துவிட்டார்.

"உப அதிபர், உங்கட கருத்து?"

"நான் சட்டத்திட பக்கம்தான். ஆனா தம்பிட வாதத்துக்கு மறுப்புச் சொல்ல எனக்கு ஏலாது."

"அப்ப தேத்தண்ணி வரட்டும்" என்றார் அதிபர்.

விடுமுறையில் சாமித்தம்பி தினமும் தோணியில் வாவியைக் கடந்து வந்தான். ஒரு நாள் புதுநெல் அவலும் எருமைத் தயிரும் கொண்டுவந்தான். அந்த நேரம் பார்த்து, வழியால் போனவர் போல் கணபதிப்பிள்ளை ஐயா நுழைந்தார். அவலையும் சாப்பிட்டார். "கணக்க இவருக்கிட்டப் படிச்சா உருப்பட்டாப்போலதான்" என்று கரும்பலகைச் சோக்கட்டியையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதன்பிறகு நாள்தோறும் வந்தார். சாமித்தம்பி நன்றாகவே தேறினான்.

பின்னாளில் நானும் ஒரு பல்கலைக்கழகத்தின் பீடச் சபையில் நெடுங்காலம் இருந்தேன். அங்கே மூத்தவர்கள்தான் முதலில் பேசுவார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நீள மேசையை நினைக்காத கூட்டம் இல்லை.

இப்போது என் மகள் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறாள். போன கிழமை பீடச் சபைக் கூட்டம் என்று போனோடு அறைக்குள் போனாள். நான் பத்திரிகையின் முதல் பக்கத்தை முடிக்கவில்லை, வந்துவிட்டாள்.

"முடிஞ்சிட்டா மகள்?"

"ஓம் அப்பா. எல்லாரும் போன்ல சம்மதம் எண்டு போட்டாங்க."

இப்போது எழுதிப் பார்க்கும்போது யோசிக்கிறேன். எங்கள் கூட்டம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தொடங்கியது. கோப்பைகள் மேசைக்கு வந்தபோது விளக்கேற்றிவிட்டார்கள்.

ஆகவே மூன்றாவது பிழை. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். அன்று சுருக்கமாக இருந்தது என் பேச்சு மட்டும்தான்.